தனிச் சட்டி

ஞாயிற்றுக்கிழமை சமைத்தால் வியாழக்கிழமை வரைக்கும் கறி இருக்கவேண்டும். பாரிஸில் சேர்ந்து அறை எடுத்து இருக்கும் எங்கள் பெடியள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. நாலு பேர், ஒரு குசினி, நாலு விதமான வேலை நேரம். ஒருவன் விடிய ஐந்து மணிக்குத் துப்புரவு வேலைக்குப் போவான். இன்னொருவன் றெஸ்ரோறண்ட் முடிந்து கடைசி மெற்றோவில் வருவான். யார் எந்த நேரம் பசியோடு வந்தாலும் அடுப்பில் பெரிய சட்டி இருக்கும். சூடாக்கிப் போட்டுக்கொண்டு தின்னவேண்டியதுதான். போதாததற்கு, மீன்குழம்பு மற்ற நாள்தான் ருசி என்று ஊரிலிருந்தே படித்துக்கொண்டு வந்த நாக்கு.

என்னை விழுத்தியது அந்த மற்ற நாள் குழம்புதான்.

நான் 2011 இல் வந்தவன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், விஞ்ஞான பீடத்தில், இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன படிப்பு. ஏன் நின்றது என்பதை இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. இங்கே முதல் நாலு வருடம் கோப்பை கழுவினேன். பிறகு சலாட்டும் முன்னுணவும் போடுகிற குளிர்ச் சாப்பாட்டுப் பக்கத்துக்கு ஏற்றினார்கள். அங்கேதான் இன்னும் நிற்கிறேன். வருத்தம் தொடங்கியது 2017 மாரியில்.

எப்படி வரும் என்று சொல்கிறேன். சாப்பிட்டு இருபது நிமிடம், சிலவேளை ஒரு மணி நேரம். முதலில் காது இரண்டும் சூடாகும். பிறகு கழுத்தும் நெஞ்சும் சிவக்கும். என்னுடைய நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, தொட்டால்தான் கொதிப்புத் தெரியும். இது ஒரு முக்கியமான விசயம், பிறகு சொல்கிறேன். உள்ளங்கை கடிக்கத் தொடங்கும். வயிறு முறுக்கிக்கொண்டு போகும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். மோசமான நாளில் கண் இருட்டி அப்படியே கீழே இருந்துவிடுவேன். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் எல்லாம் போய்விடும். அடுத்த நாள் ஆளைப் பார்த்தால் ஒன்றும் நடந்ததாகத் தெரியாது. அந்த "ஒன்றும் தெரியாது" என்பதுதான் இந்த வருத்தத்தின் அரைவாசிக் கஷ்டம்.

ஒரு வருடத்தில் மூன்று தரம் அவசர சிகிச்சைக்குப் போனேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். முதல் இரண்டு தரமும் நான் போய்ச் சேர்ந்து, பதிந்து, கதிரையில் காத்திருந்து முடிய வருத்தமும் முடிந்துவிட்டது. தோல் சிவந்ததா என்று கேட்டார்கள். சிவந்தது என்றேன். பார்த்தார்கள், தெரியவில்லை. எந்த நாடு என்று கேட்டார்கள். சொன்னேன். அதற்குப் பிறகு கதை வேறு திசைக்குப் போய்விட்டது. போர், நித்திரை, கெட்ட கனவு, தனிமை. ஒரு இளம் டொக்டர், நல்ல பிள்ளை, மிக ஆறுதலாக, இது மனப்பதற்றம் என்று சொல்லி ஒரு மனநல நிலையத்தின் விலாசம் எழுதித் தந்தார். எங்களில் பலருக்கு அந்த விலாசம் தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் என்னுடைய கெட்ட கனவு மீன்குழம்பு சாப்பிட்டு இருபதாவது நிமிடத்தில் மட்டும் ஏன் வரவேண்டும்?

மூன்றாவது தரம் வேலை இடத்திலேயே விழுந்தபடியால் தீயணைப்புப் படை வண்டியில் நேரே கொண்டுபோனார்கள். இங்கே அவசரத்துக்கு அவர்கள்தான் வருவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் இரத்தம் எடுத்துவிட்டார்கள். அதில் திரிப்ரேஸ் என்று ஒன்றையும் பார்த்திருக்கிறார்கள். அளவு லீற்றருக்கு 9.6 மைக்ரோகிராம். 11.4 வரைக்கும் சாதாரணம் என்று தாளில் அச்சடித்திருந்தது. ஆகவே சாதாரணம். வீட்டுக்குப் போகலாம்.

அந்தத் தாளை நான் எறியவில்லை. அகதி வழக்கு எழுதியவன் எந்தத் தாளையும் எறியமாட்டான்.

எட்டு மாதத்துக்குப் பிறகு என்னுடைய குடும்ப டொக்டர் ஒரு ஒவ்வாமை நிபுணரிடம் அனுப்பினார். அந்த அம்மா வயதானவர், கதை குறைவு. தாளைப் பார்த்துவிட்டு, வருத்தம் ஒன்றும் இல்லாத ஒரு நாளில் திரும்பவும் இரத்தம் எடுக்கச் சொன்னார். அது 5.1 வந்தது. ஒரு கடிதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். வருத்தமில்லாத நாளின் அளவை 1.2 ஆல் பெருக்கி, அதோடு 2 ஐக் கூட்டவேண்டும். எனக்கு 8.12 வருகிறது. வருத்தம் வந்த நேரத்து அளவு அதைத் தாண்டினால் உடம்புக்குள் உண்மையாகவே ஏதோ வெடித்திருக்கிறது. 9.6 தாண்டிவிட்டது. ஊராரின் அளவோடு ஒப்பிட்டபோது சாதாரணமாக இருந்தவன், தன்னுடைய அளவோடு ஒப்பிட்டபோது நோயாளியானேன். அன்றைக்கு மெற்றோவில் வரும்போது எனக்குச் சந்தோசமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. என்னுடைய வாக்குமூலத்தை ஒரு இலக்கம் வந்து உண்மை என்று சொல்லிவிட்டது. ஒஃப்ரா காரியாலயத்தில் இப்படி ஒரு இரத்தப் பரிசோதனை இருந்திருந்தால் எத்தனை பேருக்கு எவ்வளவு வருடம் மிச்சமாகியிருக்கும்!

வாசிப்பவர்களில் இப்படி வருத்தம் உள்ளவர் யாராவது இருந்தால் இந்த ஒன்றை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள். இரத்தம் வருத்தம் தொடங்கி நாலு மணித்தியாலத்துக்குள் எடுக்கவேண்டும். பிறகு எல்லாம் அடங்கி ஒரு முழு நாளாவது போனபின் இன்னொரு தரம் எடுக்கவேண்டும். ஒரு தாள் போதாது, இரண்டு தாள் வேண்டும். சிவப்புத் தெரியாத தோல்காரர் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்படவேண்டாம்.

பிறகு என்னை நெக்கர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மாஸ்ரோசைற்றோசிஸ் என்கிற நோய்க்கான தேசிய மையம் அங்கேதான் இருக்கிறது. அந்த நோயில் மாஸ்ற் கலங்கள் உடம்பில் அளவுக்கு மிஞ்சிப் பெருகிவிடும். கிற் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். எனக்கு இல்லை. எனக்கிருப்பது அதன் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. கலங்களின் எண்ணிக்கை சரி, குணம்தான் சரியில்லை. தேவையில்லாத நேரத்தில் தூண்டப்பட்டு உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிடுகின்றன. இதற்கு மாஸ்ற் கலத் தூண்டல் நோய் என்று பெயர் வைத்து, எதை அப்படி அழைக்கலாம் என்று நிபுணர்கள் ஒரு பொது வரையறையை வெளியிட்டது 2012 இல்தான். நான் பல்கலைக்கழகத்தை விட்டு வந்த பிறகு.

மாஸ்ற் கலத்தை நான் ஏற்கனவே சந்தித்திருக்கிறேன். தொடுப்பிழையம் படித்தபோது புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. உள்ளே மணிமணியாகக் குருணல்கள் நிறைந்த ஒரு கலம். பரீட்சைக்குப் பெயரைப் பாடமாக்கினதோடு சரி. அந்தப் பெயரின் கதையை இங்கே வந்துதான் அறிந்தேன். போல் ஏர்லிக் என்ற ஜெர்மன்காரர் 1878 இல், மாணவனாக இருந்து எழுதிய ஆய்வில் வைத்த பெயர். ஜெர்மன் மொழியில் 'மாஸ்ற்' என்றால் விலங்கைத் தீனி போட்டுக் கொழுக்கவைப்பது. குருணல்களைப் பார்த்துவிட்டு, இது நன்றாகச் சாப்பிட்ட கலம் என்று நினைத்திருக்கிறார். அது தீனி அல்ல, ஹிஸ்ரமினும் வேறு இரசாயனங்களும் என்று தெரியவர எத்தனையோ வருடம் சென்றது. நன்றாகச் சாப்பிட்ட கலம் என்னிடம் நிறைய இருக்கிறது. சாப்பிட முடியாதவன் நான்.

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன்.

இது கச்சான் ஒவ்வாமை, இறால் ஒவ்வாமை மாதிரி ஒரு பொருளைக் கண்டுபிடித்து விலக்கிவிட்டால் முடிந்துவிடுகிற விசயமாக இருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். இன்றைக்கு ஒத்துக்கொண்ட தக்காளி நாளைக்கு ஒத்துக்கொள்ளாது. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு சீமெந்துத் தொட்டி இருந்தது. பத்து வாளி தண்ணீர் பிடிக்கும். பதினோராவது வாளி ஊற்றினால் வெளியே ஓடும். பதினோராவது வாளியில் என்ன விசேடம்? ஒன்றுமில்லை, முதல் பத்தும் உள்ளே இருந்தது, அவ்வளவுதான். இரவு நித்திரை இல்லை, ஒரு வாளி. ஆனியில் குசினிச் சூடு, இரண்டு வாளி. சூட்டிலிருந்து நேரே உறைகுளிர் அறைக்குள் போய்ப் பெட்டி தூக்கினது, ஒரு வாளி. காட் புதுப்பிக்கிறதற்கு வந்த கடிதம், அது எத்தனை வாளி என்று உங்களுக்குத் தெரியும். பின்னேரம் ஒரு துண்டுத் தக்காளி. பழி தக்காளியில்.

ஆனாலும் சாப்பாட்டில் ஒரு பெரிய ஒழுங்கு இருக்கிறது, அதை நான் கண்டுபிடிக்க இரண்டு வருடம் எழுதினேன். கொப்பியில் நேரம், சாப்பாடு, சமைத்தது எப்போது, என்ன நடந்தது. திகதி பிசகாமல் எழுதுகிற பழக்கம் வழக்கால் வந்தது. அதில் தெரிந்தது இதுதான்: என்ன சாப்பாடு என்பதைவிட எத்தனை மணித்தியாலப் பழசு என்பதுதான் என்னை விழுத்துகிறது.

காரணம் விளங்கக்கூடியது. மீன், இறைச்சியில் ஹிஸ்ரிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. பற்றீரியாக்கள் அதை ஹிஸ்ரமினாக மாற்றும். சூரை, கும்பளா, சாளை மாதிரி மீன்களில் இது அதிகம். ஒருக்கால் உண்டாகிவிட்டால் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. நல்ல சுகமான ஆளும் பழுதான சூரை சாப்பிட்டால் சிவந்து தலையிடித்து வாந்தி எடுப்பான். ஐரோப்பாவில் இப்படிப்பட்ட மீனைச் சோதிக்கும்போது கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஹிஸ்ரமினைத் தாண்டினால் சந்தேகம், 200 ஐத் தாண்டினால் கழிவு. சுகமான உடம்பு சின்ன அளவைக் குடலிலேயே உடைத்துவிடும். என்னுடைய தொட்டி எப்போதும் அரைவாசி நிரம்பி இருப்பது.

ஆகவே எங்கள் சாப்பாட்டில் எவையெல்லாம் ருசியோ அவையெல்லாம் போயின. கருவாடு, மாசி, புளித்த தோசை, ஊறுகாய், மோர்மிளகாய், பழஞ்சோறு, மற்ற நாள் குழம்பு. வெயிலும் உப்பும் காலமும் சேர்ந்து உண்டாக்குகிற ருசி எல்லாம். பிறெஞ்சுக்காரனின் ருசியும் அதேதான், வைன், பழைய சீஸ், உலர்த்திய பன்றித் தொடை. இரண்டு நாட்டின் பெருமையும் எனக்கு ஒரேநாளில் தடைசெய்யப்பட்டது.

அம்மாவுக்கு ரெலிபோனில் விளங்கப்படுத்தினேன். அரை மணித்தியாலம் கேட்டுவிட்டு, "அது கிரந்தியடா. உனக்குச் சின்னனிலையே கிரந்தி உடம்பு" என்றா. பிறகு ஒரு பட்டியல் சொன்னா: கத்தரிக்காய், இறால், நண்டு, சூரை, கருவாடு, அன்னாசி. உணவு ஆலோசகர் தந்த தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கத்தரிக்காய் இருக்கிறது. இறால், நண்டு இருக்கிறது. அன்னாசி இருக்கிறது. அம்மாவிடம் இல்லாதது தக்காளியும் ஸ்பினாச்சும் மட்டும். இதைக் கொண்டு எங்கள் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று முழங்க நான் வரவில்லை. அப்படி முழங்குகிறவர்கள் லாச்சப்பலில் போதியளவு இருக்கிறார்கள். இந்தத் தாள்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, ஒன்றில் தடுத்தது மற்றதில் ஓம். பின்னால் இருக்கிற ஆராய்ச்சியும் பலமானதல்ல என்று ஆலோசகரே சொன்னார். பட்டியலைச் சந்தேகநபர்களின் பட்டியலாக வைத்துக்கொள், தீர்ப்பாக வைத்துக்கொள்ளாதே, எல்லாவற்றையும் நிற்பாட்டினால் நோயில் அல்ல பட்டினியில் போவாய் என்றார். அந்த நேரம் நான் ஒன்பது கிலோ இறங்கியிருந்தேன்.

எனக்கு உதவியது பட்டியலைவிட வேலை செய்கிற இடத்துக் குசினிதான். பிறெஞ்சுக் குசினியில் ஒரு சட்டம் இருக்கிறது: சமைத்த சாப்பாட்டை வைத்திருப்பதென்றால் 63 பாகையிலிருந்து 10 பாகைக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிரவைக்கவேண்டும். அதற்கென்று ஒரு இயந்திரம். ஒவ்வொரு பெட்டியிலும் திகதியும் நேரமும் ஒட்டவேண்டும். இத்தனை வருடமாக வேலை இடத்தில் இதைச் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து, இரவு முழுக்க அடுப்பில் இருந்த சட்டியைத் திறந்து சாப்பிடுகிறோம். இயந்திரம் எனக்கு இல்லை. ஆனால் கோழியை வாங்கின அன்றே சமைத்து, சின்னச் சின்னத் தட்டைப் பெட்டிகளில் போட்டு, ஐஸ் தண்ணீரில் இருத்தி, ஆறினவுடன் உறைபெட்டிக்குள் வைக்கலாம். சாப்பிடும்போது ஒரு பெட்டியை உறைந்தபடியே நேரே சட்டியில் போட்டுச் சூடாக்கலாம். பிறிஜ்ஜில் இளகவைப்பதில்லை. மீன் என்றால் கப்பலிலேயே உறையவைத்தது. கடைக்கார அண்ணை ஐஸில் பரப்பி வைத்திருக்கிற விளைமீனைப் பார்த்துக்கொண்டு போகலாம், வாங்க முடியாது. பூசணிக்காய், புடலங்காய், கரட், அரிசிமாப் புட்டு, பச்சையாகத் துருவின தேங்காயில் பிழிந்த பால். இது எனக்குக் கிழமையில் ஆறு நாள்.

மருந்துகள் இருக்கின்றன. ஹிஸ்ரமினைத் தடுக்கிற இரண்டு விதமான குளிசைகள். சாப்பாட்டுக்கு முன் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற சோடியம் குரோமோகிளைக்கேற். இந்தக் கடைசி மருந்தில் எனக்கு ஒரு பிரியம். இதை உருவாக்கியதில் பெரும்பங்கு றொஜர் அல்தூன்யன் என்ற டொக்டருடையது. சிரியாவின் அலெப்போவில் பிறந்த, ஆர்மேனியப் பூர்வீகம் கொண்டவர். அவருக்கே ஆஸ்துமா. கினிப்பன்றியின் மயிரிலிருந்து எடுத்த சாற்றைத் தானே சுவாசித்து வருத்தத்தை வரவழைத்து, புதுப்புது இரசாயனங்களைத் தன்னிலேயே சோதித்துப் பார்த்தாராம். 1960 களில். நான் காலையில் கிளாசைக் கலக்கும்போது அவரை நினைப்பதுண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேல் அட்ரினலின் ஊசிப் பேனை இரண்டு. தொடையில் குத்துவது. எப்போதும் இரண்டும் கூடவே இருக்கவேண்டும். அதை 25 பாகைக்கு மேல் வைக்கக்கூடாது, பிறிஜ்ஜிலும் வைக்கக்கூடாது. ஆடி மாதத்து றெஸ்ரோறண்ட் குசினியில் 25 பாகை எங்கே இருக்கிறது? கடைசியில் நிலக்கீழ் அறையில் வைன் போத்தல்களுக்குப் பக்கத்தில் ஒரு இடம் கண்டுபிடித்தோம். நான் குடிக்க முடியாத வைனுக்காகக் கட்டின குளிர்ச்சி.

எங்கள் றெஸ்ரோறண்ட் சுவரில் பதினாலு ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியல் தொங்குகிறது. 2014 மார்கழியிலிருந்து ஐரோப்பா முழுவதற்கும் உள்ள விதி. எள்ளு ஆகாத வாடிக்கையாளர் வந்தால் நான் பலகை மாற்றி, கத்தி மாற்றி, கை கழுவி, புதிதாகச் செய்துகொடுப்பேன். மிகக் கவனமாகச் செய்வேன், எனக்குத் தெரியும் அது என்னவென்று. பதினொன்றரைக்கு வேலையாட்களுக்குச் சாப்பாடு. அது நேற்று மிஞ்சினது. அந்தப் பட்டியலில் "நேற்று" என்று ஒரு பொருள் இல்லை. முதலாளி, ஆளுக்கொரு சமையல் என்றால் கடையை மூடவேண்டியதுதான் என்றார். செஃப் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் எனக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சட்டியை வைத்து, பத்து நிமிடம் தருகிறேன் என்றார். அதில் சோறும் ஒரு முட்டையும் கரட்டும். அது என்னுடைய முதலாவது தனிச் சட்டி.

இரண்டாவது தனிச் சட்டி வீட்டில். அங்கேதான் நான் எதிர்பாராத இடத்தில் வருத்தம் தொட்டது.

அறையில் இருந்தவர்கள் முதலில் பகிடி பண்ணினார்கள். "ஐயர் சமைக்கிறார், ஆரும் தொட்டுப் போடாதையுங்கோ." தனிச் சட்டி, தனி அகப்பை, உறைபெட்டியில் எனக்கென்று ஒரு தட்டு. பகிடியில் சிரித்தவர்களில் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவனும் நானும் ஒரே வருடம் வந்தவர்கள், ஒன்றாகக் கோப்பை கழுவியவர்கள், மூன்று வருடம் ஒரு சட்டியில் தின்றவர்கள். நான் பிறந்த சாதி அவனுக்குத் தெரியும், அவன் பிறந்த சாதி எனக்குத் தெரியும். அதைப்பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை. யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்த மௌனத்தை விளக்கவேண்டியதில்லை. ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதும் குடிக்காமல் விடுவதும் எங்களுக்கு ஒரு பாஷை. தாகம் இல்லை, இப்பதான் சாப்பிட்டனான், வயிறு சரியில்லை. இந்த மூன்று வசனமும் தலைமுறை தலைமுறையாக எதற்குப் பயன்பட்டன என்று எல்லோருக்கும் தெரியும். அதே மூன்று வசனத்தைத்தான் நான் இப்போது உண்மையாகச் சொல்லவேண்டியிருந்தது.

அவன் கலியாணம் முடித்துத் தனி வீடு எடுத்துப் போனான். 2019 இல் அவனுடைய அம்மா வந்து கொஞ்சக் காலம் நின்றா. மகளின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டான். நான் என்னுடைய பெட்டியோடு போனேன். டொக்டர் சொன்னபடி. அம்மா ஒரு கோப்பையில் சோறும் ஆட்டுக்கறியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் போட்டுக் கொண்டுவந்து நீட்டினா. நான் வேண்டாம் அம்மா, வயிறு சரியில்லை என்றேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையைத் திரும்பக் கொண்டுபோகும்போது மருமகளிடம், "தம்பிக்கு வேண்டாமாம்" என்றா. அந்தக் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. ஆச்சரியம் இல்லாததுதான் என்னைக் கொன்றது. தேநீர்க் கடையில் தனிப் பேணி இருந்த காலத்தில், 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஆட்கள் அடிவாங்கிய காலத்தில், அவவுக்குப் பதின்மூன்று பதினாலு வயது இருந்திருக்கும். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது. சட்டம் பேணியைத்தான் தடுக்கும், வயிறு சரியில்லை என்பதை எந்தச் சட்டம் தடுக்கும்?

நான் குசினிக்குள் போனேன். ஊசிப் பேனைகளை மேசையில் வைத்தேன். கொப்பியைக் காட்டினேன். அவவுக்குக் கொப்பி வாசிக்கத் தேவையிருக்கவில்லை. பேனைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "இது குத்தாட்டில்?" என்று கேட்டா. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எப்பிடிக் காய்ச்சினா நீங்கள் சாப்பிடுவியள்?" என்றா. அந்த 'நீங்கள்' எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. இத்தனை வருடத்தில் எங்கள் ஆட்களில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவதான். மற்றவர்கள் எல்லோரும் என்ன சாப்பிடக்கூடாது என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த ஞாயிறு விடிய ஒன்பது மணிக்கே போனேன். புட்டுக்கு மா குழைத்து வைத்திருந்தா. நான் நிற்கத்தக்கதாகவே தேங்காய் உடைத்து, பூசணிக்காய் வெட்டி, உள்ளியும் பச்சைமிளகாயும் மட்டும் போட்டுப் பால்கறி வைத்தா. இறக்கிப் பத்து நிமிடத்தில் அவவுடைய கோப்பையில், அவ போட்டுத்தர, சாப்பிட்டேன். நண்பன் எதிரே இருந்து ரி.வி. பார்க்கிற மாதிரி இருந்தான். ரி.வி. ஓடவில்லை. சாப்பிட்டு முடிய அவ ஒரு மணித்தியாலம் என்னை விடவில்லை, காதைத் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்தா. அந்தச் சனங்கள் என்னைத் தொடலாமோ என்று ஒரு காலத்தில் எங்கள் வீடுகளில் கதைத்த கதை எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அதை அவவிடம் சொல்லவில்லை.

இப்போது அந்த வீட்டில் எனக்கு ஒரு முறை இருக்கிறது. விசேடம் என்றால் எல்லோருக்கும் முன்னால், கறி அடுப்பால் இறங்கிய உடனே, குசினியில் நின்றபடி நான் சாப்பிட்டுவிடுவேன். பிறகு ஆட்களோடு வந்து இருந்து பிளேன்ரீ குடிப்பேன். முதலில் சாப்பிடுகிறவன் யார் என்று கேட்டு அதற்கும் ஒரு கதை வரும், வந்துமிருக்கிறது. வரட்டும். அந்தியேட்டி, கோயில் அன்னதானம், கலியாண மண்டபம் ஆகியவற்றில் இன்னும் வழி பிறக்கவில்லை. மண்டபச் சாப்பாடு விடியச் சமைத்துப் பின்னேரம் வரை மூடி வைத்திருப்பது. அங்கே பெட்டியோடுதான் போகிறேன். கேட்கிறவர்களுக்கு நின்று சொல்லிவிட்டுத்தான் திறப்பது. சில நாள் ஐந்து பேருக்குச் சொல்லி முடிய என்னுடைய சோறும் பழஞ்சோறு ஆகிவிடும்.

போன மாதம் ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் அம்மா ஒரு பொதி கொடுத்துவிட்டிருந்தா. கட்டாக் கருவாடு, மாசி, கறித்தூள், புழுக்கொடியல். எத்தனை தரம் சொல்லியும் கருவாடு வைக்காமல் பொதி கட்ட அவவால் முடியாது. கருவாடும் மாசியும் அறையில் இருக்கிற வடமராட்சித் தம்பிக்குப் போயின. பொரிக்கிற நேரம் மட்டும் எனக்குச் சொல்லவேண்டும், நான் வெளியே நடந்துவிட்டு வருவேன். புழுக்கொடியலை வைத்துக்கொண்டேன். அவித்துக் காயவைத்த கிழங்கு, புளிக்கவைத்தது இல்லை. டொக்டரிடம் கேட்டேன், பனங்கிழங்கு என்றால் என்னவென்று விளங்கப்படுத்தவே பத்து நிமிடம் சென்றது. புதுச் சாப்பாடு எதற்கும் உள்ள ஒழுங்குதான் இதற்கும்: ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், வேலை இல்லாத நாளில், வீட்டில் ஆள் இருக்கும்போது, பேனைகள் மேசையில். முதல் நாள் நகமளவு துண்டு. நாலு நாள் விட்டு இரண்டு மடங்கு. இன்றைக்கு மூன்றாவது தரம், விரல் நீளம். கடித்து மென்று முடிக்கவே நேரம் எடுத்தது. கொப்பியில் எழுதியிருக்கிறேன்: பின்னேரம் 4.10. இப்போது 4.35. காது குளிராகத்தான் இருக்கிறது.